சிசிஎன்ஏவுக்கு வீட்டு லேப்: நெடுநாள் ஓட்டிப் பார்த்த பிறகு

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏவுக்குப் படிக்க ஆரம்பிக்கிற யாரும் முதலில் கேட்பது, நிஜ ரவுட்டரும் ஸ்விட்ச்சும் வாங்கணுமா, சிஸ்கோவின் சிமுலேட்டரான பாக்கெட் ட்ரேசரே போதுமா என்பதுதான். இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். தேர்வில் தேற பாக்கெட் ட்ரேசர் போதும். ஆனாலும் பழைய ஸ்விட்ச் இரண்டு வாங்கிப் போடுங்கள், ரவுட்டரில் மட்டும் காசைக் கொட்டாதீர்கள், அந்தப் பணம் லேப்டாப்பின் ரேமுக்குப் போகட்டும்.

என்னிடம் இருப்பவை இரண்டு கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்ச், ஒரு 3560 ஸ்விட்ச், ஒரு 1841 ரவுட்டர், ஒரு யுஎஸ்பி கன்சோல் கேபிள், அப்புறம் 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் ஜிஎன்எஸ்3 (ரவுட்டர்களைக் கணினிக்குள்ளேயே ஓட்டும் மென்பொருள்). எல்லாமே செகண்ட் ஹேண்ட். இதில் 1841 இப்போது அலமாரியில்தான் கிடக்கிறது. அதில் செய்ய முடிந்ததை எல்லாம் ஜிஎன்எஸ்3-இல் நான்கு ரவுட்டர் வைத்துச் சத்தமில்லாமல் செய்துவிடலாம். சீரியல் கார்டு, சீரியல் கேபிள் என்று யாராவது பட்டியல் கொடுத்தால் அது பழைய பாடத்திட்டத்துக்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த 200-301 தேர்வில் ஈஐஜிஆர்பியே போய்விட்டது, ரவுட்டிங் புரோட்டோகால் (ரவுட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் முறை) என்று உட்கார்ந்து கான்ஃபிகர் செய்ய வேண்டியது ஒரே ஏரியாவில் ஓஎஸ்பிஎஃப் மட்டும்தான்.

ஸ்விட்ச் விஷயம் அப்படியில்லை. பழைய ஸ்விட்ச் வந்து சேரும்போதே முதல் பாடம் ஆரம்பித்துவிடும், ஏனென்றால் முந்தைய சொந்தக்காரர் வைத்த பாஸ்வேர்டு அதில் அப்படியே இருக்கும். முன்னால் இருக்கும் மோடு பட்டனை அமுக்கிப் பிடித்தபடி பவர் கொடுத்து, ஃபிளாஷை இனிஷியலைஸ் செய்து, கான்ஃபிக் ஃபைலுக்கு வேறு பெயர் வைத்து பூட் செய்ய வேண்டும். உள்ளே போன பிறகு ரைட் இரேஸ் கொடுத்து ரீலோடு செய்தால் எல்லாம் துடைத்தாயிற்று என்றுதான் தோன்றும், ஆனால் விலான்களை (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்) காட்டும் ஷோ விலான் பிரீஃப் அடித்தால் யாரோ ஒருவருடைய அலுவலகத்தின் அக்கவுன்ட்ஸ், சிசிடிவி, கெஸ்ட் விலான்கள் எல்லாம் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். விலான் தகவல் ஃபிளாஷில் தனி ஃபைலாக இருக்கிறது, அதைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும். விலான் பட்டியலை ஸ்விட்ச்சுகளுக்குள் பரப்பும் விடிபியின் ரிவிஷன் நம்பரைப் புத்தகத்தில் படிக்கும்போது கொட்டாவி வரும். வெளியிலிருந்து வந்த ஒரு ஸ்விட்ச், டொமைன் பெயர் ஒத்துப்போய், பெரிய ரிவிஷன் நம்பரோடு ட்ரங்க்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) சேர்ந்தால் மற்றதன் விலான் பட்டியலையே மாற்றி எழுதிவிடும் என்பதைக் கண்ணெதிரே பார்த்தால் கொட்டாவி வராது.

அடுத்தது லூப். இரண்டு 2960-க்கும் நடுவே இரண்டு கேபிள் போட்டு, லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள் (வீட்டு இணையத்தோடு இணைக்காமல், தயவுசெய்து). ஒரே ஒரு பிங் அனுப்பினால் போதும். அதற்காகப் போகும் ஏஆர்பி பிராட்காஸ்ட் (இந்த ஐபி யாருடையது என்று எல்லோரிடமும் கேட்பது) சுற்றிச் சுற்றி வரும், ஐபி பாக்கெட்டுக்கு இருப்பது போல ஈதர்நெட் ஃபிரேமுக்கு டிடிஎல் (ஆயுள் எண்ணிக்கை) கிடையாது, அதனால் அது தானாகச் சாகாது. எல்லா போர்ட் விளக்கும் வெறி பிடித்தது மாதிரி ஒரே வேகத்தில் மினுக்கும், கன்சோலில் ஒரு எழுத்து அடித்தால் நிதானமாக யோசித்து வந்து சேரும், ஒரே மேக் முகவரி இந்த போர்ட்டுக்கும் அந்த போர்ட்டுக்கும் தாவுகிறது என்று மெசேஜ் கொட்டும். ஒரு கேபிளைப் பிடுங்கினால் அடுத்த நொடி அமைதி. திரும்ப ஸ்பானிங் ட்ரீயைப் போட்டுக் கேபிளைச் செருகினால், போர்ட் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் 30 நொடி நிற்கும். லிசனிங் 15, லேர்னிங் 15 என்று மனப்பாடம் செய்ததெல்லாம் அப்போது தேவையே இல்லாமல் போகும், காத்திருந்தே பழகிவிடுவீர்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் எதற்கு என்று கேட்கவும் மாட்டீர்கள்.

ரவுட்டிங்குக்கு வந்தால் நான் முழுக்க ஜிஎன்எஸ்3 கட்சி. வேலை செய்கிற லேப்பைக் கட்டுவதில் பெரிய பயன் இல்லை, கட்டியதைக் கெடுக்கிறதில்தான் சுவாரசியம். ஓஎஸ்பிஎஃப்பில் ஒரு பக்கம் மட்டும் ஹலோ நேரத்தை 10 நொடியிலிருந்து 5 ஆக்குங்கள், டெட் டைமரும் (ஹலோ வராவிட்டால் நெய்பர் போய்விட்டது என்று முடிவு செய்யும் நேரம்) தானாக 40-இலிருந்து 20 ஆகிவிடும், பழைய டெட் டைமர் ஓடி முடிந்ததும் எதிர் ரவுட்டர் நெய்பர் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். அதைப் பழையபடி மாற்றிவிட்டு ஒரு பக்கம் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மட்டும் குறைத்துவிட்டு ஓஎஸ்பிஎஃப் பிராசஸை கிளியர் செய்து பாருங்கள், இப்போது நெய்பர் பட்டியலில் இருக்கும், ஆனால் எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச் என்ற நடுக்கட்ட நிலைகளில் மாட்டிக்கொண்டு நிற்கும். இரண்டுமே ‘ஓஎஸ்பிஎஃப் வரவில்லை’ என்ற ஒரே புகார்தான், ஆனால் ஷோ கமாண்டில் தெரியும் முகம் வேறு வேறு. இந்த வித்தியாசம் கைவந்துவிட்டால் ட்ரபிள்ஷூட்டிங் கேள்விகள் பாதி நேரத்தில் முடியும். 120 நிமிடத் தேர்வில் அது சின்ன விஷயமில்லை.

ஜிஎன்எஸ்3-இன் தலைவலி ஐஓஎஸ் இமேஜ், அதாவது சிஸ்கோ சாதனங்களின் இயங்குதள ஃபைல். மென்பொருள் இலவசம், இமேஜ் அதோடு வராது, முறையான உரிமத்தோடு நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். அந்தச் சிக்கலே வேண்டாமென்றால் சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பு இருக்கிறது, ஒரே நேரத்தில் 5 நோடு (சாதனம்) வரை ஓடும், சிசிஎன்ஏ லேப்களில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். வயர்லெஸ் கன்ட்ரோலருக்குப் பாக்கெட் ட்ரேசரே போதும், அதன் வெப் பக்கத்தில் டபிள்யூலான் (வயர்லெஸ் நெட்வொர்க்) ஒன்றை உருவாக்கி இரண்டு முறை கிளிக்கிப் பார்த்தால் சரி. ஆட்டோமேஷன் பகுதிக்கு 10 சதவீத மதிப்பு உண்டு, அதற்கு என் பழைய பெட்டிகள் எந்த வகையிலும் உதவவில்லை.

தொல்லைகளும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் சத்தம். படுக்கையறையில் 24 போர்ட் ஸ்விட்ச் வைத்தால் தூக்கம் கிடையாது. 8 போர்ட் உள்ள சின்ன 2960-இல் ஃபேன் இல்லை, கிடைத்தால் அதையே எடுங்கள். இன்னொன்று எஸ்எஸ்ஹெச், அதாவது தூரத்திலிருந்து பாதுகாப்பாக லாகின் செய்யும் முறை. பழைய ஐஓஎஸ் பேசும் கீ எக்ஸ்சேஞ்ச் முறையை இன்றைய லேப்டாப் ஏற்காது, பாதுகாப்பில்லாதது என்று கதவைச் சாத்திவிடும். கிளையன்ட் பக்கம் அந்தப் பழைய முறையை அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதித்தால் வேலை நடக்கும்.

வாங்கப் போகிறீர்கள் என்றால், போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாமல் விற்பவரிடம் ஷோ வெர்ஷன் அவுட்புட் கேளுங்கள். 2960-இன் இமேஜ் பெயரில் லான்லைட் (வசதி குறைந்த பதிப்பு) என்று இருந்தால் வேண்டாம், லான்பேஸ் என்று இருக்க வேண்டும். என்கிரிப்ஷன் உண்டு என்பதைக் குறிக்கும் கே9 என்பதும் இருக்கிறதா பாருங்கள், அது இல்லாத இமேஜில் எஸ்எஸ்ஹெச்சே வராது. அவுட்புட் அனுப்ப முடியாது என்று இழுத்தடிக்கிறவரிடம் வாங்காதீர்கள், பவர் போட்டுப் பார்க்காத பெட்டியாகத்தான் இருக்கும்.