மண்தொட்டியா, பிளாஸ்டிக் தொட்டியா?

தண்ணீர் ஊற்றிய சிறிது நேரத்தில் மண்தொட்டியின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். நிறம் கறுத்து, சில்லென்று இருக்கும். நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாகி வேரைக் குளிர்விக்கிறது. மழைக்காலத்தில் மிகையான ஈரமும் அவ்வழியே வெளியேறுவதால் வேர் அழுகுவது குறைகிறது. நாளடைவில் அதன்மேல் படியும் வெள்ளை உப்புப் பூச்சுகூட எனக்கு அழகுதான். ஆனால் கோடையில் சீக்கிரம் காய்ந்துவிடும். சிறிய தொட்டி என்றால் ஒரே நாளில் இருமுறை நீர் கேட்கும். உறைபனி விழும் இடங்களில் விரிசலும் விடும்.

பிளாஸ்டிக் தொட்டி இலேசானது, ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும். கறுப்பு நிறத்தில் வாங்கி வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், வேர் வெந்துவிடும்.

கற்றாழைக்கு நான் மண்தொட்டியைத்தான் தருவேன். ஈரம் விரும்பும் புதினாவுக்குப் பிளாஸ்டிக்கே நல்லது.