ரயில் முதலிலா, வீடு முதலிலா: புவாங்கோக்கும் தெங்காவும்

புதுப் பேட்டை ஒன்று எழும்போது ரயிலை முதலில் கொண்டுவருவதா, இல்லை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலை அப்புறம் பார்த்துக்கொள்வதா? சிங்கப்பூரில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டோம்.

ரயில் முந்தியதற்குப் புவாங்கோக். வடகிழக்குப் பாதை 2003 ஜூனில் ஓடத் தொடங்கியபோதே நிலையம் தயார், ஆனால் சுற்றுவட்டாரத்தில் வீடுகள் போதாது என்று பூட்டி வைத்தார்கள். ஹவ்காங்கை விட்ட ரயில் நேரே செங்காங்கில்தான் நிற்கும், இடையில் கண்ணாடிக் கதவுகளுக்கு அப்பால் ஆளே இல்லாத நடைமேடை ஒன்று சர்ரென்று கடந்து போகும். 2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் அந்த வட்டாரத்துக்கு வந்தபோது அட்டையில் வெட்டிய எட்டு வெள்ளை யானைகள் அவருக்காகக் காத்து நின்றன; காசைத் தின்றுவிட்டுப் பயனில்லாமல் நிற்பதை ஆங்கிலத்தில் வெள்ளை யானை என்பார்கள். (நம்மிடம் வெள்ளை யானை என்றால் ஐராவதம், இந்திரனே ஏறி வருவது, இங்கே யாரும் ஏறாத வாகனத்துக்கு அது பெயராகிவிட்டது.) யானைகளை வைத்தவர்களைப் போலீஸ் விசாரித்து எச்சரித்தது, 2006 ஜனவரியில் நிலையமும் திறந்தது. அதே பாதையில் உட்லீக்கு 2011 வரை பூட்டுதான். பொங்கோல் மேற்கு எல்ஆர்டியில் (பேட்டைக்குள் ஓடும் இலகு ரயில்) டெக் லீ இன்னும் மோசம்: பாதை 2014-இல் வந்தது, அந்த நிலையம் திறந்தது 2024-இல்.

பூட்டியவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஏற ஆளில்லாத நிலையத்துக்கு விளக்கும் காற்றோட்டமும் ஊழியர்களும் என்றால் யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

வீடு முந்தியதற்குத் தெங்கா. சுமார் 700 ஹெக்டர், திட்டப்படி 42,000 வீடுகள். முதல் பிடிஓ (முன்பதிவு வாங்கிக் கட்டித் தரும் அரசு வீடுகள்) விற்பனை 2018-இல், குடியேற்றம் 2023-இல் தொடங்கியது. அங்கே வரவேண்டிய ஜூரோங் வட்டார ரயில் பாதையின் முதல் கட்டம் 2026 என்றார்கள், பெருந்தொற்றில் வேலை தடைப்பட்டு அது தள்ளிப் போனது. அதுவரை பேருந்து. பேருந்தைக் குறை சொல்லவில்லை, நாளைக்கே தடத்தை மாற்றலாம், கூடுதலாக இரண்டு விடலாம், ரயிலால் அது முடியாது. ஆனால் என் அக்கா மகள் அங்கே சாவி வாங்கிய ஆறாவது மாதம் கார் வாங்கிவிட்டாள். மழையில் ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடக்கிய தள்ளுவண்டி, தோளில் பை, கார்டு தட்ட மூன்றாவது கை இல்லை என்பாள். கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், சிஓஇ, பத்து வருஷத்துக்கு. அவ்வளவு பணத்தைக் கொட்டி வாங்கிய காரைக் கீழே நிறுத்திவிட்டு, ரயில் வந்ததும் ஓடிப்போய் ஏறப் போகிறாளா என்ன? காலி நிலையத்தின் நஷ்டம் கணக்குப் புத்தகத்தில் சிவப்பாகத் தெரிகிறது. இவள் வீட்டில் நடந்தது எந்தக் கணக்கிலும் ஏறாது.

இங்கிலாந்தில் கட்டுமான நிறுவனங்களிடம் உள்கட்டமைப்புக்கென்று தீர்வை வாங்குகிறார்கள், வேலை தொடங்கிய பிறகே அந்தப் பணம் வந்து சேரும் என்பதால் வசதிகள் பிந்துகின்றன என்றால் புரிகிறது. இங்கே நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது, வீடு கட்டுவது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), பாதை போடுவது நிலப் போக்குவரத்து ஆணையம். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள், யார் முந்துவது என்று உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

ஆகவே என் ஓட்டு புவாங்கோக் வழிக்கே, ஒரு திருத்தத்தோடு. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் மூன்றாம் கட்டம் 2022 நவம்பரில் திறந்தபோது மவுண்ட் பிளசன்ட் நிலையத்தில் ரயில் நிற்கவில்லை, அக்கம்பக்கத்தில் வீடு வந்த பிறகு திறப்பதாக ஏற்பாடு. குடியிருப்பவர்கள் வாசலில் பிற்பாடு பள்ளம் தோண்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அங்கே முதல் புளோக்குக்குச் சாவி கொடுக்கிற அன்றைக்கே நிலையத்தின் ஷட்டரையும் ஏற்றிவிட வேண்டும், வாசல்களில் ஒன்றை மட்டும் திறந்தாலும் சரி, பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் நின்றாலும் சரி. ஆள் சேரட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் அதற்குள் கார் பார்க் நிரம்பிவிடும்.