பஃபரைக் குறைப்பதா, இன்டர்ஃபேஸ் வாங்குவதா?

கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கூத்துப் பாட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, என்னிடம் இருந்தது பழைய வின்டோஸ் லப்டொப்பும் அதில் நேரே செருகும் ஒரு மைக்கும்தான். வடமோடிக் கூத்தின் தரு (பாட்டு) ஒன்றைப் பாடவந்த அண்ணாவியார், அதாவது கூத்துப் பழக்கும் ஆசான், இரண்டாம் வரியிலேயே ஹெட்போனைக் கழற்றினார். "என்ட குரல் எனக்குப் பின்னால வருகிது மனே, தாளம் பிடிக்க ஏலாமக் கிடக்கு" என்றார்.

கணினி ஒலியை வாளி வாளியாக அள்ளித்தான் வேலை செய்யும். அந்த வாளிதான் பஃபர். 44.1 கிலோஹேர்ட்ஸில் 512 சாம்பிள் (ஒலித் துணுக்கு) கொள்ளும் வாளி நிரம்ப 11.6 மில்லி செக்கன் ஆகும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்றால் 23. காற்றில் ஒலி ஒரு மில்லி செக்கனுக்கு 34 சென்டிமீற்றர் போகும். ஆக, அண்ணாவியாருக்குத் தன் குரலே எட்டு மீற்றருக்கு அப்பால், களரியின் மறுகரையிலிருந்து வந்தது போலக் கேட்டிருக்கும். ஒலியைக் கையாளும் வின்டோஸின் வழக்கமான டிரைவர் மென்பொருள் இதற்கு மேலும் கூட்டும்.

காசில்லாத வழி ஏசியோ ஃபோர் ஓல் என்ற இலவச டிரைவர். ஏசியோ என்பது பிந்தல் குறைந்த டிரைவர் வகை. அதைப் போட்டு, ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ஏசியோவைத் தெரிவுசெய்து, பஃபரை 128க்கு இறக்கினேன். கணக்குப்படி போய்வர 6 மில்லி செக்கன். மத்தளமும் சல்லாரியும் சேர்ந்து நாலு டிராக் ஆகும்வரை நன்றாகத்தான் இருந்தது. மறுகா படக், படக் என்று வெடிப்பு: சின்ன வாளியை நேரத்துக்கு நிரப்ப லப்டொப்பால் ஏலவில்லை. வைஃபையை நிறுத்தினேன், பவர் பிளானை ஹை பெர்போமன்ஸுக்கு மாற்றினேன், எதிரொலி சேர்க்கும் ரிவேர்ப்களைக் கழற்றினேன். குறைந்தது, நிற்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த வெடிப்புத்தான். ஹெட்போனில் மட்டும் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். அது பதிவிலேயே ஏறிவிடுகிறது. வயதான மனிதர் ஒரு தரு முழுக்கப் பாடி முடித்தபின், நடுவில் விழுந்த ஒரு படக்குக்காக "திரும்பப் பாடுங்கோ" என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

காசு சேர்த்து, இரண்டு இன்புட் உள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினேன்; மைக்கையும் ஹெட்போனையும் லப்டொப்போடு இணைக்கும் வெளிப்பெட்டி அது. அதன் முகப்பில் டிரெக்ட் மொனிட்டர் என்று ஒரு திருகி இருக்கிறது. அதைத் திருப்பினால் மைக்கில் வரும் குரல் பெட்டிக்குள்ளேயே கிளை பிரிந்து நேரே ஹெட்போனுக்குப் போகும். லப்டொப் பக்கம் போய்வர வேண்டியதே இல்லை. பஃபர் 1024இல் கிடந்தாலும் பாடுகிறவருக்குத் தெரியாது, லப்டொப்பும் திணறாது. அடுத்த தரம் வந்த அண்ணாவியார் ஹெட்போனைக் கழற்றாமலே மூன்று தரு பாடினார்.

ரீப்பரில் அந்த டிராக்கின் மொனிட்டரிங்கை (பாடும் குரலைக் கணினி வழியாகத் திருப்பிக் கேட்கவைப்பதை) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும். ரிவேர்ப் இல்லாமல் பாடவராது என்பவருக்கு ரிவேர்ப் ஒலியை மட்டும் கணினியிலிருந்து அனுப்பலாம். அது 40, 50 மில்லி செக்கன் பிந்தினாலும் பெரிய மண்டபத்தில் பாடுவது போலத்தான் இருக்கும், தாளத்தைக் குழப்பாது.

ஆனால் கீபோட்டை மிடியில் (ஒலியை அல்ல, அழுத்திய கட்டையின் சைகையை மட்டும் அனுப்பும் இணைப்பில்) செருகி மென்பொருள் வாத்தியம் வாசிப்பவர்களுக்கும், கிற்றாரை அம்ப் பிளகின் (அம்ப் போல ஒலிக்கவைக்கும் மென்பொருள்) வழியாகக் கேட்பவர்களுக்கும் இந்தத் திருகி உதவாது. கேட்கவேண்டிய ஒலி உருவாவதே கணினிக்குள் என்பதால் அங்கே சின்ன பஃபர்தான் வேண்டும். என் கீபோட் அனுபவம் ஒரு வாரம்கூட இல்லை. அந்தச் சில நாளில் இன்டர்ஃபேஸின் சொந்த டிரைவரில் 128 வெடிக்காமல் ஓடியது, ஆனால் இரண்டு டிராக்கில்தான் பார்த்தேன். பாட்டுக்கும் மத்தளத்துக்கும் என்றால் தயங்காமல் சொல்வேன்: இன்டர்ஃபேஸ்.

வாங்கும்போது டிரெக்ட் மொனிட்டர் இருக்கிறதா, சொந்த ஏசியோ டிரைவர் வருகிறதா என்று கேளுங்கள். மலிவுப் பெட்டிகள் சிலவற்றுக்கு இலவச டிரைவரையே திரும்பப் போட வேண்டியிருக்கும். அப்புறம், வயர் உள்ள ஹெட்போன்தான். புளூடூத் என்றால் பெரும்பாலும் அது மட்டுமே 100 மில்லி செக்கனுக்கு மேல் பிந்தும்.