கோடோ என்ஜினில் ஒலியும் அமைப்புகள் மெனுவும்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கைப்பேசிக்கான சிறிய புதிர் விளையாட்டு ஒன்றைக் கோடோ என்ஜின் என்னும் விளையாட்டு உருவாக்க மென்பொருளின் 4ஆம் பதிப்பு வரிசையில் தனியாளாக இரண்டு ஆண்டுகளாக உருவாக்கி வருகிறேன். ஒலியையும் அமைப்புகள் மெனுவையும் வெளியீட்டுக்கு முந்தைய வார வேலையாகவே முதலில் கருதியிருந்தேன். அந்த ஒரு திரையை மூன்று முறை முழுவதுமாகத் திருத்தி எழுத வேண்டி வந்தது.

கோடோவில் எல்லா ஒலிகளும் 'பஸ்' எனப்படும் தடங்களின் வழியே சென்று, இறுதியில் 'மாஸ்டர்' என்னும் தடத்தில் சேர்கின்றன. இசைக்கு ஒன்று, விளைவொலிகளுக்கு ஒன்று, பொத்தான் ஒலிகளுக்கு ஒன்று என மூன்று தடங்களைப் பிரித்துவிட்டால், மெனுவில் ஒலியளவை மாற்ற இழுக்கும் ஸ்லைடர் ஒவ்வொன்றும் ஒரு தடத்தை மட்டும் கவனித்துக்கொள்ளும். தொடக்கத்தில் எல்லாவற்றையும் மாஸ்டரிலேயே விட்டுவைத்திருந்ததால், பின்னர் ஒவ்வொரு காட்சியாகத் திறந்து, ஒலியை ஒலிக்கச் செய்யும் 'பிளேயர்' ஒவ்வொன்றையும் மாற்ற நேர்ந்தது. தடத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் ஒலி நின்றுவிடாமல் மாஸ்டருக்குத் திரும்பிவிடும் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். விளையாட்டு நின்றுபோகாது என்பதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'இசையைக் குறைத்தும் ஒரு பாட்டு மட்டும் குறையவில்லை' என்று சோதனையாளர் சொல்லும்வரை அந்தப் பிழை கண்ணில் படாது.

என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது ஸ்லைடரின் கணக்கு. தடத்தின் ஒலியளவு டெசிபல் என்னும் அலகில் அமைகிறது; 0 என்றால் ஒலி குறைக்கப்படாத அளவு, அதற்குக் கீழே போகப் போக ஒலி குறையும். முதல் முயற்சியில் ஸ்லைடரை -80 முதல் 0 டெசிபல் வரை நேரடியாக இணைத்தேன். பாதியில் வைத்தால் -40 டெசிபல், அதாவது கைப்பேசி ஒலிபெருக்கியில் ஏறக்குறைய அமைதி. கேட்கத் தகுந்த மாற்றம் முழுவதும் ஸ்லைடரின் கடைசிக் கால்பகுதிக்குள் நெருக்கிக்கொண்டு நின்றது. அடுத்து, 0 முதல் 1 வரையிலான மதிப்பை டெசிபலாக மாற்றும் உள்ளமைந்த செயல்கூறைப் பயன்படுத்தினேன். அப்போது பாதி என்பது சுமார் -6 டெசிபல் ஆகிறது. ஒலி பாதியாகக் குறைந்தது போலக் காதுக்குத் தோன்றவோ ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே ஸ்லைடரின் மதிப்பை முதலில் வர்க்கமாக்கி, பிறகு மாற்றினேன். பாதியில் -12 டெசிபல் அளவில் நின்ற அந்த வளைவுதான் இன்றுவரை மாறாமல் இருக்கிறது. மதிப்பு பூச்சியமானால் கணக்கு எதிர்ம முடிவிலிக்குச் செல்வதால், அந்த இடத்தில் தடத்தை மியூட் செய்துவிடுகிறேன். கணக்கு எதுவானாலும், மலிவான கைப்பேசியின் ஒலிபெருக்கியிலும் காதில் மாட்டும் ஹெட்போனிலும் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்லைடரை இழுப்பவருக்கு மாற்றம் உடனே கேட்க வேண்டும். விளையாட்டை இடைநிறுத்தி மெனுவைத் திறந்தபோது இசை பிளேயரும் சேர்ந்து நின்றுவிட்டதால், இசை ஸ்லைடர் வேலை செய்யாதது போலத் தோன்றியது. அந்த பிளேயர் இடைநிறுத்தத்திலும் எப்போதும் இயங்குமாறு அமைத்த பின் அது சரியானது. விளைவொலி ஸ்லைடருக்கு, விரலை எடுக்கும்போது ஒரு மாதிரி ஒலி ஒலிக்கிறது. சேமிப்பும் அதே கணத்தில்தான் நடக்கிறது. விளையாட்டிலிருந்து வெளியேறும்போது சேமித்துக்கொள்ளலாம் என்று இருந்தால், பின்னணிக்குப் போன செயலியை இயங்குதளம் சொல்லாமலேயே மூடிவிடும் வேளையில் தேர்வுகள் அனைத்தும் தொலைந்துபோகும். சேமித்த மதிப்புகளை மெனுவில் திரும்ப ஏற்றும்போது, மாற்ற அறிவிப்பை எழுப்பாமல் மதிப்பை மட்டும் வைக்கும் செயல்கூறைப் பயன்படுத்துங்கள். இல்லையெனில் அறிவிப்போடு இணைத்த வேலைகள் எல்லாம் திரை திறக்கும்போதே தேவையின்றி நடக்கும்.

கோப்பு வடிவத்தில் எனக்குப் பெரிய குழப்பம் ஏதும் இருக்கவில்லை. குறு ஒலிகளுக்குச் சுருக்கப்படாத வேவ், இசைக்குச் சுருக்கப்பட்ட ஆக் வார்பிஸ். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ அமைப்பில் ஒரு நிமிட வேவ் கோப்பு சுமார் 10 மெகாபைட் ஆகிவிடும் என்பதே காரணம்.

தளவமைப்பில் ஒரு தவறு செய்தேன். ஸ்லைடர்களை மேலும் கீழும் உருட்டும் பட்டியலுக்குள் வைத்ததால், திரையை உருட்ட வந்த விரல் ஒலியளவை மாற்றிவிட்டுப் போனது. இப்போது ஒலி அமைப்புகள் உருட்டல் தேவைப்படாத தனித் தாவலில் இருக்கின்றன; ஆண்ட்ராய்டு வழிகாட்டுதலின்படி ஒவ்வொரு தொடுபரப்பும் குறைந்தது 48 டிபி (dp, ஆண்ட்ராய்டு திரையளவு அலகு) உயரம் கொண்டது. தமிழ்ப் பெயர்களுக்காக இடத்தைத் தாராளமாக விட்டிருக்கிறேன், ஏனெனில் 'மியூசிக்' என்பதற்கு விடும் அகலத்தில் 'பின்னணி இசை' அடங்காது. கோடோவின் 3ஆம் பதிப்பில் கொம்பும் காலும் எழுத்தோடு பொருந்தாமல் சிதறி நின்றன. 4ஆம் பதிப்பின் எழுத்து வடிவாக்கத்தில் தமிழ் சரியாகவே வருகிறது. நான் பதிப்பு மாறியதற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்த விளையாட்டின் கோப்புறையை அண்மையில் தொடங்கினேன். அதில் இப்போது இருப்பவை மூன்று தடங்கள் கொண்ட பஸ் கோப்பும், வேலை செய்யும் ஓர் அமைப்புகள் திரையும் மட்டுமே.