லித்துவேனியாவுல வீக்கெண்ட் அனிமல் ஃபார்ம் புக் பண்ணப் போறீங்களா? 184 யூரோ போன கதைய படிச்சிட்டு பண்ணுங்க

கோவத்துல தான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ஒன்பது நாள் பொறுமையா இருந்தேன், இன்னைக்கு சாயங்காலம் அந்த புக்கிங் சைட்ல இருந்து வந்த மெயில படிச்சதும் இனிமே பொறுமையா இருந்து ஒரு பிரயோஜனமும் இல்லன்னு தெரிஞ்சு போச்சு. என்னெல்லாம் பாத்து புக் பண்ணணும்னு கடைசில விவரமா சொல்றேன், முதல்ல நடந்தத சொல்லிடுறேன்.

நாங்க இருக்கிறது வில்னியஸ்ல, மூணு வருஷமா. அம்மா ஏப்ரல்ல தேனில இருந்து வந்தாங்க, முதல் ஃப்ளைட்டு, முதல் குளிரு. இங்க அம்மா நாள் மே மாசம் முதல் ஞாயிறே வந்துரும், நம்ம ஊர் மாதிரி ரெண்டாவது ஞாயிறு இல்ல, இந்த வருஷம் மே 3. அன்னைக்கு ஊரே கையில பூவோட திரியும். அம்மாவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போணும்னு வீட்டம்மா சொல்லிட்டே இருந்தா. ட்ராக்காய் கோட்டை வந்த வாரமே பாத்தாச்சு. கௌனஸ் ஜூ, புரொஃபசர் இவனௌஸ்காஸ் 1938ல ஆரம்பிச்சது, அது இங்க எல்லா பிள்ளைங்களும் போற இடம், பாப்பா ஸ்கூல்ல இருந்து போயிட்டு வந்துட்டா. க்ளைபெடால டால்ஃபின் இருக்கு, ஆனா போறதுக்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல, அங்க போயி ஃபெர்ரி வேற ஏறணும், அம்மா முட்டி தாங்காது. கிட்டத்துல, ஆட்டுக்குட்டி முயல்குட்டி தொட்டுப் பாக்குற மாதிரி ஒரு ஃபார்ம் போதும்னு தான் தேடுனேன். இங்க அந்த மாதிரி ஃபார்ம் நிறைய இருக்கு, கிராமத்துக் குடும்பம் ஒண்ணு அல்பாகா (ஒட்டக ஜாதில கம்பளி மயிரோட இருக்கிற சின்ன மிருகம்), மான், நெருப்புக்கோழின்னு வளக்கும், சனி ஞாயிறு ஆனா வில்னியஸ்காரங்க பிள்ளைங்களோட கெளம்பிருவாங்க.

தேடி ஒரு மணி நேரத்துல ஃபோன்ல அந்த விளம்பரம் வந்து நின்னுச்சு. "வீக்கெண்ட் அனுபவங்கள்" விக்கிற ஒரு புக்கிங் சைட்டு, பேர் சொல்ல மாட்டேன், சொன்னா வக்கீல் நோட்டீஸ் அனுப்புவானுங்க, அதுக்கு மட்டும் டைம் இருக்கும் அவனுங்களுக்கு. லித்துவேனிய மொழி, இங்கிலீஷ் ரெண்டுலயும் அழகா இருந்துச்சு. காலைல ஃபார்ம்ல ஆடு முயல் தீனி போடுறது, பிள்ளைங்களுக்கு ஜெமைதுக்காஸ் குதிரை சவாரி (இந்த நாட்டுக்குன்னே உள்ள குட்டிக் குதிரை ஜாதி), அல்பாகாவ கயித்துல புடிச்சிட்டு காட்டுக்குள்ள ஒரு நடை, மதியம் அந்த ரோஸ் கலர் பீட்ரூட் ஜில் சூப்பும் சூடா உருளைக்கிழங்கும், அப்புறம் பஷிலியாய் காட்டெருமைப் பண்ணைக்கு கைடோட கூட்டிட்டுப் போவாங்க. பெரியவங்களுக்கு 30 யூரோ, பிள்ளைங்களுக்கு 17. நாங்க நாலு பேரு, கூட வேலை பாக்குற கோயமுத்தூர் நண்பர் குடும்பம் மூணு பேரு. அஞ்சு பெரியவங்க, ரெண்டு பிள்ளைங்க, மொத்தம் 184 யூரோ. "இன்னும் 3 இடம் தான்"னு செவப்பா மின்னிட்டு இருந்துச்சு. மூணு இடம் தான் இருக்குன்னா ஏழு டிக்கெட் எப்படிக் குடுப்பான்னு அப்ப யோசிக்கணுமா இல்லையா? யோசிக்கல.

சாட்ல ஒரு பொண்ணு (பொண்ணா மிஷினா சத்தியமா தெரியல) அஞ்சு நிமிஷத்துல பதில் போட்டுச்சு. ஞாயித்துக்கிழம திறந்திருக்குமான்னு மூணு தடவ கேட்டேன், மூணு தடவையும் நூறு சதவீதம்னு பதில். அம்மாவுக்கு 67 வயசு, முட்டி வலின்னு சொன்னேன். உடனே, பாட்டிக்கு நாங்க தனியா நாற்காலி போட்டு வைக்கிறோம், அல்பாகாவ அவங்க கிட்டயே கூட்டிட்டு வந்துருவோம், அம்மா நாள் வாழ்த்து சொல்லிடுங்கன்னு ஒரு பூ எமோஜியோட வந்துச்சு. அதுல தாங்க விழுந்தேன். பெத்தவங்கள ஒருத்தர் மரியாதையா நடத்துறார்னா நம்மாளுக்கு அறிவு அங்கயே கழண்டுரும்.

இப்ப அசிங்கமான இடம். நான் வேலை பாக்குறதே பணம் அனுப்புற ஒரு கம்பெனில தான், டெஸ்டிங். சைட்ல கார்டு போட்டா எரர் வந்துச்சு. இன்னைக்கு கார்டு மெயின்டனன்ஸ், பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணுங்கன்னு சாட்ல அக்கவுண்ட் நம்பர் அனுப்புச்சு. நம்பர் எல்டின்னு (LT, லித்துவேனியாவுக்கான எழுத்து) ஆரம்பிச்சுது, சரி லோக்கல் அக்கவுண்ட் தானன்னு நினைச்சேன். எல்டின்னு ஆரம்பிச்சா லித்துவேனியால லைசென்ஸ் வாங்குன நிறுவனத்துல அக்கவுண்ட்னு மட்டும் தான் அர்த்தம், இங்க லைசென்ஸ் வாங்குன ஃபின்டெக் (ஆப்லயே பண வேலை பாக்குற கம்பெனி) எத்தனையோ இருக்கு, ஐரோப்பால எந்த மூலைல உக்காந்தும் ஃபோன்லயே எல்டி அக்கவுண்ட் திறக்கலாம். தினமும் ஆபீஸ்ல இதையே பாக்குறவன் நான். அதோட நின்னுச்சா? 2025 அக்டோபர்ல இருந்து யூரோ நாடுகள்ல பணம் அனுப்பும்போது பேரும் அக்கவுண்டும் ஒத்துப்போகுதான்னு பேங்கே பாத்துச் சொல்லணும்னு சட்டம் வந்துருச்சுல்ல, எனக்கும் சொல்லுச்சு. பேர் பொருந்தல, கவனமா இருங்கன்னு மஞ்சக் கலர்ல வந்துச்சு. சாட்ல கேட்டேன். அது எங்க தாய்க் கம்பெனி பேரு சார், எல்லாருக்கும் அப்படித் தான் வரும், தொடர்ந்து போங்கன்னாங்க. வீட்டம்மா பக்கத்துல நின்னு "ஏங்க, வேணாங்க, அங்க போயி கேட்லயே காசு குடுத்துக்கலாம்"னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா, இது நம்ம ஊர் இல்லம்மா, இங்கெல்லாம் ஏமாத்த மாட்டாங்கன்னேன். அழுத்திட்டேன். பத்து செகண்ட் கூட இல்ல, 184 யூரோ போயிருச்சு, நம்ம காசுக்கு பதினெட்டாயிரத்துக்கு மேல.

மே 3 காலைல ஏழு சீட்டர் ஒண்ணு வாடகைக்கு எடுத்து பனவெஜிஸ் போற ஏ2 ரோட்ல கெளம்புனோம். அம்மா விடியக்காலைல எந்திரிச்சு புளியோதரை கட்டுறேன்னாங்க, சாப்பாடு டிக்கெட்லயே இருக்கும்மா, வேணாம்னு நான் தான் தடுத்தேன். அந்தப் புளியோதரை இன்னும் என் மனசுல உறுத்துது. வழியெல்லாம் வயல்ல மஞ்சப் பூ, கம்பத்து உச்சில கூடு கட்டி நிக்கிற நாரை, அம்மா ஒவ்வொண்ணா எண்ணிட்டு வந்தாங்க. "ஏப்பா, ஆட்டுக்குட்டிய தொடுறதுக்காப்பா ஆளுக்கு மூவாயிரம் குடுக்குற, என் காலத்துல ஆடு நம்மள விடாது"ன்னு சிரிச்சாங்க. உக்மெர்கேங்கிற டவுன தாண்டி மண் ரோட்ல திரும்பி மேப் சொன்ன இடத்துக்குப் போயி நின்னா கேட்ல பூட்டு. ஒரு மரப்பலகைல "உஜ்தாரிதா"ன்னு எழுதி தொங்குது. மூணு வருஷத்துல நான் கத்துக்கிட்ட பத்து வார்த்தைல அதும் ஒண்ணு. மூடியாச்சுன்னு அர்த்தம்.

உள்ள பட்டி இருக்கு, தண்ணித்தொட்டி இருக்கு, ஒரு ஜீவன் இல்ல. அம்மா கம்பி வழியா பாத்துட்டு "புழுக்கையே இல்லப்பா, இங்க ஆடு நின்னு மாசக்கணக்காச்சு"ன்னாங்க. எனக்கு அப்பவும் நம்பிக்கை, பின்னாடி வேற கேட் இருக்கும்னு பிள்ளைங்களோட புல்லுக்குள்ள சுத்துனேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தங்க வாளியோட வந்து முதல்ல புல்லக் காட்டி "எர்கே, எர்கே"ன்னு அதட்டுனாங்க, உண்ணியாம். இங்க உண்ணி கடிச்சா மூளைக்காய்ச்சல் வர வாய்ப்பு இருக்கு, அதுக்குன்னு தடுப்பூசியே உண்டு, அம்மாவுக்கு போடல. அப்புறம் ஃபோன்ல மொழிபெயர்ப்பு ஆப்ப நீட்டிக் கேட்டா, ஃபார்ம்காரங்க போன இலையுதிர் காலத்துலயே மிருகத்த எல்லாம் வித்துட்டு டவுனுக்குப் போயிட்டாங்களாம். நேத்து ரெண்டு கார் வந்து திரும்பிப் போச்சு, நீங்க மூணாவதுன்னாங்க. பாப்பா அல்பாகா எங்கப்பான்னு ஆரம்பிச்சவ தான், ஏ2 ஏறுற வரைக்கும் நிறுத்தல.

மதியம் பெட்ரோல் பங்க்ல நின்னுட்டே ஹாட் டாக். அம்மா கறி தின்ன மாட்டாங்க, ரெண்டு வாழைப்பழம். சரி வந்தது வந்தாச்சுன்னு பஷிலியாய்க்கு நாங்களே ஓட்டிட்டுப் போனோம். அந்த ஒண்ணாச்சும் நெசம். 1969ல ஆரம்பிச்ச இடம், ஐரோப்பிய காட்டெருமை காட்டுல ஒண்ணு கூட இல்லாம அழிஞ்சு போயி ஜூல மிச்சம் இருந்தத வச்சு திரும்ப பெருக்குன இனம், இங்க வளத்து தான் காட்டுல விட்டுருக்காங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் மலை மாதிரி நின்னுச்சு. நல்ல இடம், அதுக்கு இவனுங்க யாரும் தேவையே இல்ல, நேராப் போகலாம்.

நாலு மணிக்கு ஃபோன்ல மெசேஜ் வருது அந்த சைட்ல இருந்து. "உங்க அல்பாகா நடை எப்படி இருந்துச்சு? அஞ்சு ஸ்டார் குடுங்க!" கார ஓரமா நிறுத்திட்டு உக்காந்துட்டேன்.

அதுக்கப்புறம் நடந்தது தான் உண்மையான கூத்து. ஞாயிறு பூரா சாட்ல எல்லா ஏஜென்ட்டும் பிஸி. பணம் வாங்கும்போது அஞ்சு நிமிஷம் ஆன அதே சாட். திங்கக்கிழம புகார் எண் குடுத்தாங்க. புதன்கிழம பதில்: நீங்க குறிச்ச நேரத்துக்கு வரலன்னு எங்க பார்ட்னர் சொல்றாங்க, அதனால ரீஃபண்ட் இல்ல. எந்த பார்ட்னர், ஆட்ட வித்துட்டு ஊர விட்டுப் போனவரா? பூட்டு, பலகை, நாங்க ஏழு பேரும் கேட் முன்னாடி நிக்கிற போட்டோ எல்லாம் அனுப்புனேன். போட்டோவ வச்சு தேதிய உறுதி பண்ண முடியாதாம். வெள்ளிக்கிழம திடீர்னு பாசம் பொங்கி 92 யூரோவுக்கு வவுச்சர் தர்றேன்னாங்க, மூணு மாசத்துக்குள்ள தீக்கணும், 24 மணி நேரத்துல சம்மதம் சொல்லணும், சொன்னா புகார வாபஸ் வாங்குன மாதிரி. நான் குடுத்தது 184 யூரோ, வவுச்சரா குடுக்கல, காசா குடுத்தேன்னு எழுதுனேன். ஃபோன் பண்ணா பாட்டு ஓடுது. இருபது நிமிஷம் பாட்டு.

பேங்க்ல கேட்டா, எச்சரிக்கை காட்டுனோம், நீங்க தான் தொடர்ந்து போங்கன்னு அழுத்துனீங்க, திரும்பக் கேட்டுப் பாக்குறோம், வாங்குனவர் சம்மதிச்சா தான் வரும்னு சொல்லிட்டாங்க. திருடன் சம்மதிச்சா திருடுனது திரும்ப வரும்.

இன்னைக்கு வந்த கடைசி மெயில்: தேதி குறிச்ச பொழுதுபோக்கு சேவைக்கு ஐரோப்பிய சட்டப்படி 14 நாள் ரத்து உரிமை கிடையாது, கேஸ் முடிஞ்சது. சட்டத்துல அந்த விலக்கு இருக்கிறது உண்மை தான், ஆனா அது நம்ம மனசு மாறி வேணாம்னு சொல்றதுக்கு. இங்க மனசு மாறுனது யாரு? இல்லாத ஃபார்முக்கு டிக்கெட் வித்துட்டு எனக்கு சட்டம் சொல்லித் தர்றானுங்க.

ஆபீஸ்ல லித்துவேனிய நண்பர்கிட்ட விளம்பரத்தக் காட்டுனேன். பாத்த உடனே சிரிச்சார். ஒரு போட்டோல பையன் பன்னிக்குட்டிய கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறான். இங்க 2014 ஜனவரில காட்டுப்பன்னில ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் (பன்னிய கொல்ற நோய், ஆளுங்க செருப்பு துணில ஒட்டிக்கிட்டு கூட பரவும்) வந்ததுல இருந்து பன்னி வளக்குறவங்க வெளியாள கிட்ட சேக்கவே பயப்படுவாங்க, இத பாத்ததுமே சந்தேகப்பட்டிருக்கணும்னார். படத்த வச்சு தேடிப் பாத்தா அது வேற ஏதோ நாட்டு சைட்ல கெடக்குது. நமக்கு பன்னி விவகாரம் என்ன தெரியும்.

நண்பர் குடுத்த பங்கு காச திருப்பிக் குடுத்துட்டேன், அவர் வேணாம்னார், எனக்கு மனசு கேக்கல. ஆக 184 யூரோவும் என் கையில இருந்து. கார் வாடகை, பெட்ரோல் எல்லாம் கணக்குலயே சேக்கல.

விவரமா சொல்றேன்னு சொன்னேன், இப்ப மணி ஒண்ணாச்சு, காலைல வேலை இருக்கு. சுருக்கமா: ஃபார்முக்கு நீங்களே நேரா ஃபோன் பண்ணுங்க, சின்ன ஃபார்மெல்லாம் முன்கூட்டியே சொன்னா தான் திறப்பாங்க, மொழி தெரிஞ்சவர விட்டு பேச வைங்க. முடிஞ்சா கேட்ல காசு குடுங்க, இல்லன்னா கார்டு, டிரான்ஸ்ஃபர் மட்டும் பண்ணாதீங்க. பேர் பொருந்தலன்னு வந்தா அங்கயே நிறுத்துங்க. ஏமாந்துட்டீங்கன்னா முதல்ல வித்தவனுக்கு எழுத்துல புகார் அனுப்பணும், 14 நாள்ல பதில் சரியா வரலன்னா இங்க அரசாங்கத்தோட நுகர்வோர் உரிமைப் பாதுகாப்பு அலுவலகத்துல போடலாம், நான் போடப் போறேன். போலீஸ்லயும் சொல்லிருக்கேன். புளியோதரை எடுத்துட்டுப் போங்க.

வேற யாராச்சும் இதே மாதிரி மாட்டியிருந்தீங்கன்னா சொல்லுங்க, சேந்து புகார் குடுப்போம். இப்ப தான் சைட்ட திரும்ப திறந்து பாத்தேன். அதே ஃபார்ம், அதே பன்னிக்குட்டி, வர்ற ஞாயிறுக்கு "இன்னும் 3 இடம் தான்". பெரியவங்களுக்கு விலைய 34 ஆக்கிருக்கானுங்க.