எக்ஸ்சேஞ்ச் 2019-உடன் சில வருடங்கள்: ரேமும் பேட்சும்

புது மெயில் சர்வருக்கு எவ்வளவு ரேம் போடலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சில் புதிய சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்குப் போகிறாராம். 2025 ஜூலையில் வந்த அந்தப் பதிப்பு அடிப்படையில் 2019-இன் சியூ15 தான் (சியூ என்றால் க்யூமுலேட்டிவ் அப்டேட், அதுவரை வந்த திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு). அதனால் 2019-ஐ வருடக்கணக்காக ஓட்டிய அனுபவத்தை வைத்தே அவருக்குப் பதில் சொல்லலாம்.

ரேம் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி பெரும்பாலும் நிரம்பியேதான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் லீக், அதாவது எடுத்த மெமரியைத் திருப்பித் தராத கோளாறு, என்று பதறுவார்கள். லீக் கிடையாது. டேட்டாபேஸ் எஞ்சின் டிஸ்கிலிருந்து எடுத்ததைக் கேச்சில் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 2019 இதை இன்னும் அழகாகச் செய்கிறது: பயன்பாட்டில் இருக்கும் டேட்டாபேஸுக்கு அதிக கேச், ஓரமாகக் காத்திருக்கும் நகலுக்குக் குறைவு என்று ஓடும்போதே மாற்றிக்கொள்ளும். மெயில்பாக்ஸ் சர்வருக்கு மைக்ரோசாஃப்ட் சொல்வது 128 ஜிபி. பேஜ்ஃபைல், அதாவது ரேமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கும் கோப்பு, ரேமில் கால்பங்கு. விர்ச்சுவல் மெஷின் என்றால் ஓடும்போதே ரேமைக் கூட்டிக் குறைக்கும் டைனமிக் மெமரியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். ரேமில் ரொம்பக் கஞ்சத்தனம் பிடித்தால் நெருக்கடி நேரத்தில் சர்வர் 452 4.3.1 என்று சொல்லிப் புது மெயிலை வாங்க மறுக்கும். இதைக் கவனித்துக்கொண்டால் மெமரி பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம். இந்த அளவுக்கு நிம்மதி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் பேட்ச்! அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது.

சியூ என்பது சின்ன ஒட்டு அல்ல, ஏறக்குறைய முழு மறுநிறுவல். நாம் கையால் மாற்றி வைத்த கான்ஃபிக் கோப்புகளை அது மேலெழுதிவிடும். பிடிக்கவில்லை என்று சியூவை மட்டும் கழற்றிப் பழைய நிலைக்குப் போகவும் முடியாது. பாதுகாப்பு பேட்ச் வழக்கமாகக் கடைசி இரண்டு சியூவுக்கு மட்டுமே வரும். பின்தங்கியிருந்தால் முதலில் சியூ, அப்புறம்தான் பேட்ச். 2021 மார்ச் 2-ஆம் தேதி எக்ஸ்சேஞ்சின் ப்ராக்ஸிலாகன் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கு பேட்ச் வந்தபோது தாக்குதல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பின்தங்கியிருந்தவர்கள் அந்த அவசரத்தில் முழு சியூவைப் போட உட்கார வேண்டியிருந்தது. பழைய சியூக்களுக்கான பேட்ச் சில நாள் கழித்துத்தான் வந்தது.

நிறுவல் பாதியில் நின்றால் இன்னொரு கொடுமை. எக்ஸ்சேஞ்ச் சர்வீஸ்கள் எல்லாம் டிஸேபிள்ட் நிலையிலேயே கிடக்கும். ஒவ்வொன்றாக ஆட்டோமேட்டிக் ஆக்கித் தொடங்க வேண்டும். முன்பெல்லாம் அட்மின் உரிமையோடு கட்டளை வரியிலிருந்து ஓட்டாவிட்டால் பிழை எதுவும் காட்டாமலேயே முடியும், பிறகு வெப்மெயில் உடைந்திருக்கும். 2022 மே முதல் தானே உரிமை கேட்கும் கோப்பாகக் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம், வருடங்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

அதிலும் 2024 நவம்பர் பாதுகாப்பு பேட்ச் சில இடங்களில் டிரான்ஸ்போர்ட் விதிகளை (கடந்துபோகும் மெயிலை என்ன செய்வது என்று நாம் வைக்கும் விதிகளை) நிறுத்திவிட்டதால் அதைத் திரும்பப் பெற்று மறுபடி வெளியிட்டார்கள். பேட்ச் போடாவிட்டால் உள்ளே ஆள் வருவான், போட்டால் மெயில் நிற்கலாம். எந்த அட்மினும் இதை எத்தனை மாதம் தாங்குவான்?

நியாயமாகப் பார்த்தால், சர்வரைச் சோதித்துப் பார்க்க மைக்ரோசாஃப்ட் தரும் ஹெல்த்செக்கர் ஸ்கிரிப்டைக் குறை சொல்ல மாட்டேன். எந்த பேட்ச் விடுபட்டது, பேஜ்ஃபைல் சரியா என்று ஒரே அறிக்கையில் காட்டிவிடும். பேட்சுக்கு முன்னும் பின்னும் ஓட்டாமல் நான் எழுந்திருப்பதே இல்லை. டிஏஜி, அதாவது ஒரே டேட்டாபேஸின் நகல்களைப் பல சர்வர்களில் வைக்கும் குழு, வைத்திருந்தால் ஒரு சர்வரைப் பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிட்டு அடுத்ததில் மெயிலை ஓட விடலாம். பயனர்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த இரவுகளில் எக்ஸ்சேஞ்சை எனக்கு உண்மையாகவே பிடிக்கும்.

இருந்தும் நண்பரிடம் எக்ஸ்சேஞ்ச் சர்வர் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவரிடம் இருப்பது ஒற்றை சர்வர், அதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள், அவருக்கும் வேறு வேலைகள் உண்டு. 128 ஜிபி ரேமை ஒரு நாளில் வாங்கி மாட்டிவிடலாம். பேட்ச் வரும் இரவில் விழித்திருக்க இரண்டாவது ஆளைப் பிடித்த பிறகு மறுபடி கேளுங்கள், ரேம் கணக்கை நானே போட்டுத் தருகிறேன் என்றேன்.