லிச்செஸ் அனாலிசிஸ் போர்டு: பழைய கேமை அலசிப் பாக்க சூப்பரான இடம்

பெரிய செஸ் பிளேயர்ஸ் ஆடின கேமை மூவ் மூவா உக்காந்து பாக்கணும்னா லிச்செஸ்ங்கற செஸ் வெப்சைட் போதும்ங்க, விளம்பரம் கிடையாது, காசும் கிடையாது, நல்ல மூவைக் கணக்குப் போட்டுக் காட்டற ஸ்டாக்ஃபிஷ் இஞ்சின் பிரவுசர்லயே ஓடும். 1999-ல நெதர்லாந்து வைக் ஆன் ஸீ டோர்னமெண்ட்ல காஸ்பரோவ் வெள்ளையாவும் டோப்பலோவ் கறுப்பாவும் ஆடின கேமைப் போட்டுப் பாருங்க. 24வது மூவ்ல காஸ்பரோவ் ரூக்கை டி4 கட்டத்துல தூக்கிக் குடுப்பாரு, டோப்பலோவ் அதை சிப்பாயால வெட்டினதும் அடுத்த ரூக் ஈ7-ல வந்து செக் வைக்கும், அங்கேருந்து கறுப்பு கிங் ஓடி ஓடி வெள்ளையோட முதல் வரிசைக்கே, டி1 வரைக்கும் வந்துடும்! 36வது மூவ்ல பிஷப் சத்தமில்லாம எஃப்1-க்குப் போகும் பாருங்க, அடடா. 44வது மூவ்ல டோப்பலோவ் ரிசைன்.

இஞ்சினை ஆன் பண்ணா ரூக்கை வெட்டாம கிங்கை பி6-க்கு நகத்தியிருந்தா கறுப்புக்கு நல்லதுனு காட்டும், ஆனா முதல் தடவை இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க, அப்பதான் அந்த கேமோட டென்ஷன் புரியும். ஸ்டடி ஆப்ஷன்ல நம்ம குறிப்பையும் எழுதி வச்சுக்கலாம், கிளப்ல கத்துக்குடுக்கறவங்களுக்கு ரொம்ப உதவும்.